எளிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஏன் கைக்கு எட்டாமல் போனது?

கேட்கப்பட்ட கேள்வி இது: மலையில் சின்னதாக ஒரு தோட்டம். தார் ரோடு முடிந்தபின் கடைசிச் சில கிலோமீட்டர் மண்ணும் பாறையுமான பாதை. மழைக்காலத்தில் சாதாரணக் கார் ஏறாது. கையில் 15 லட்சம் இருக்கிறது. ஷோரூமில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஆன்-ரோடு விலை 22 லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். கூடவே பெரிய திரை, கூரையில் கண்ணாடி, தானாகப் பிரேக் போடும் ரேடார் என்று அடுக்குகிறார்கள். இன்றைய ஆஃப்-ரோடு வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் மிதமிஞ்சிவிட்டதா, அதனால்தான் இந்த விலையா, பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்டினால் போதாதா?

விலை மிதமிஞ்சிவிட்டது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே கொண்டுவரும் எலக்ட்ரானிக்ஸுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. வரி, நகரத்துச் சொகுசு, புகைக் கட்டுப்பாடு, விபத்துப் பாதுகாப்பு ஆகிய நான்கும்தான் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

மஹிந்திராவின் ஐந்து கதவுத் தார் ராக்ஸையே எடுத்துக்கொள்வோம். 2024-இல் அது வந்தபோது அறிவித்த ஷோரூம் விலைகளில் இதற்கான கணக்கு தெளிவாக இருக்கிறது. அடிப்படை டீசல் ரகம், பின்சக்கர இயக்கம் மட்டும்: 13.99 லட்சம். இரண்டு படி மேலே உள்ள எம்.எக்ஸ். 5 டீசல் மேனுவல், அதுவும் பின்சக்கர இயக்கம்: 16.99 லட்சம். அதே எம்.எக்ஸ். 5 ஃபோர் வீல் டிரைவில்: 18.79 லட்சம். அதாவது சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட், அதை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல், மெதுவாக அதிக இழுவையோடு ஏறவைக்கும் லோ ரேஞ்ச் கியர் எல்லாம் சேர்த்து 1.80 லட்சம்தான் கூடுதல். அடிப்படை ரகத்திலிருந்து எம்.எக்ஸ். 5-க்கு ஏறுவதற்கு 3 லட்சம். அந்த 3 லட்சத்தில் கிடைப்பது அலாய் வீல், சன்ரூஃப், தோல் போன்ற சீட் உறை போன்றவை. தோட்டத்துப் பாதையில் இவற்றில் எதுவும் உதவாது.

அடிப்படை டீசல் ரகத்தில் ஃபோர் வீல் டிரைவை மட்டும் சேர்த்திருந்தால் 15.80 லட்சத்தில் முடிந்திருக்கும். அப்படி ஒரு ரகம் விற்பனையில் இல்லை. சன்ரூஃப் வேண்டாம், லோ ரேஞ்ச் மட்டும் போதும் என்று கேட்கும் ஆளுக்கு ராக்ஸில் வழியே கிடையாது. என்னுடைய உண்மையான குறை இதுதான். இந்தத் தொழிலில் ஃபோர் வீல் டிரைவ் ஒரு கருவி என்ற நிலையிலிருந்து உயர்ந்த ரகத்தின் அடையாளமாக மாறிவிட்டது. பணமுள்ளவர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குவார் என்று நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கில் விவசாயியும் எஸ்டேட்காரரும் இல்லை.

அடுத்தது வரி. ராக்ஸ் வந்த காலத்தில், 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி, இம்மூன்றும் சேர்ந்த வண்டிக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 50 சதவீதம். பாறையில் அடி தட்டாமல் இருக்க வேண்டிய தரை இடைவெளியையே சொகுசின் அளவுகோலாக வைத்துவிட்டார்கள்! 18.79 லட்சத்தைப் பிரித்தால் வண்டிக்குச் சுமார் 12.5 லட்சம், வரிக்குச் சுமார் 6.3 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரிப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம். அது இன்னொரு 3.4 லட்சம். ஆக, பன்னிரண்டரை லட்ச ரூபாய் வண்டிக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல் வரி. இதற்கு மேல் இன்சூரன்ஸ்.

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. இப்படிப்பட்ட பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் பெட்ரோல் அல்லது 1500 சி.சி.க்குள் டீசல் இன்ஜினும் உள்ள சிறிய கார்களுக்கு 18 சதவீதம் என்று மாறியிருக்கிறது. இதில் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. மூன்று கதவுத் தார் 4 மீட்டருக்குள்தான் இருக்கிறது, அதற்கு 1.5 லிட்டர் டீசல் இன்ஜினும் உண்டு. அந்த இன்ஜின் பின்சக்கர இயக்கத்தில் மட்டுமே வருகிறது. அதே இன்ஜினோடு, இரும்பு வீலும் துணி சீட்டும் போட்டு ஒரு ஃபோர் வீல் டிரைவ் ரகம் கொடுத்தால் அது 18 சதவீத வரிக்குள் வந்துவிடும். ஒரு மலைக்கிராமத்து ஆள் வாங்கக்கூடிய வண்டி அதுதான்.

பழைய விலையோடு ஒப்பிடுவதிலும் நிதானம் வேண்டும். 2010-இல் முதல் தார் வந்தபோது சி.ஆர்.டி.இ. என்ற டீசல் ரகத்தின் விலை 6 லட்சத்தை ஒட்டி இருந்தது. அதில் ஏ.சி. கிடையாது, ஏர்பேக் கிடையாது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. துணிக் கூரை, பின்னால் இரும்புப் பட்டைகளை அடுக்கிய பழைய பாணி லீஃப் ஸ்பிரிங். அதற்குப்பின் நாட்டில் பொது விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்த 6 லட்சம் இன்றைய பணத்தில் 12 லட்சத்தைத் தாண்டும். 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தார் 9.80 லட்சத்தில் தொடங்கியது, அப்போது எல்லா ரகமும் ஃபோர் வீல் டிரைவ். குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் அது 5-க்கு 4 நட்சத்திரம் வாங்கியது. அந்த ஒரு தருணத்தில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், பழையதைவிட எல்லா வகையிலும் மேலான வண்டி ஏறக்குறைய அதே மதிப்புக்குக் கிடைத்தது. விலை கையை விட்டுப் போனது அதற்குப் பின்னால்தான்.

இப்போது எலக்ட்ரானிக்ஸுக்கு வருகிறேன். பழைய ஆட்கள் இதைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை.

சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் என்னவென்றால், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சமமான முறுக்கு விசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலோ சேற்றில் வழுக்கினாலோ, அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசை போதும். மறுபக்கச் சக்கரம் கெட்டியான பாறையில் நின்றாலும் அதற்கும் அந்தக் குறைந்த விசைதான் போகும். குறுக்காக வெட்டிய பள்ளத்தில் ஏறும்போது முன் இடதும் பின் வலதும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொள்ளும். அப்போது ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் தூக்கிய இரண்டு சக்கரங்கள் மட்டும் சுழலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய ஜீப் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீழே இறங்கிக் கல் முட்டுக் கொடுப்பார்கள், அல்லது வேகம் எடுத்துத் தாண்டப் பார்ப்பார்கள். ஆக்சில் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வழியில்தான்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று டிஃபரன்ஷியல் லாக்: இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுவது. மிக உறுதியான தீர்வு, தனி உதிரிப்பாகம் வேண்டும், அதனால் செலவும் உண்டு. ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா என்ற வண்டி முன்னும் பின்னும் இரண்டு லாக்குகளோடு வருகிறது. அந்த விலையில் இது பெரிய விஷயம். இரண்டாவது வழி, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிப்பது. பிடித்தவுடன் அந்தச் சக்கரத்தைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படும், டிஃபரன்ஷியல் அதே விசையைப் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கொடுக்கும், வண்டி நகரும். இதற்கு வேண்டியவை ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சார், பிரேக்கைத் தனித்தனியாக இயக்கும் ஒரு பம்ப், அதை நடத்தும் ஒரு கணினி. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால் இந்தச் சாமான்களில் பெரும்பகுதி எப்படியும் வண்டியில் இருக்கிறது. அதன்மேல் கொஞ்சம் மேம்பட்ட பம்ப்பும் நல்ல மென்பொருளும் சேர்ந்தால் போதும். மாருதி ஜிம்னியில் டிஃபரன்ஷியல் லாக் கிடையாது, இந்தப் பிரேக் முறை மட்டும்தான். மாருதியின் பழைய ஜிப்ஸி நின்றுவிடும் குறுக்குப் பள்ளத்தை ஜிம்னி சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

இந்த எலக்ட்ரானிக்ஸ் ஆஃப்-ரோடு ஓட்டுவதைச் சாதாரண ஆட்களுக்கும் மலிவாக்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் எல்லை உண்டு. சக்கரம் சுழன்ற பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். நீண்ட ஏற்றத்தில் திரும்பத் திரும்பப் பிடித்தால் பிரேக் சூடாகும். ஆழமான களிமண்ணில் லாக் இருக்கும் வண்டிக்கு ஈடாகாது. தினமும் பாரம் ஏற்றிச் சேற்றில் போகிறவருக்கு லாக்தான். உங்கள் தோட்டத்துப் பாதைக்குப் பிரேக் முறையே தாராளம்.

அப்படியானால் எலக்ட்ரானிக்ஸில் உண்மையாகவே தொல்லை எங்கே? என் அனுபவத்தில் முதலிடம் டீசல் வண்டியின் புகைவடிகட்டிக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. அது கரித்துகளைப் பிடித்துச் சேர்த்து வைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் எரித்துவிடும். எரிக்க 550, 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது தானாக நடந்துவிடும். லோ ரேஞ்சில் முதல் கியரில் ஊர்ந்து, தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. கரி சேர்ந்துகொண்டே போகும், எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு இன்ஜின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த விளக்கைக் கண்டும் அதே ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள் பெரிய பில் கட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நல்ல ரோட்டில் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். உங்கள் ஓட்டம் முழுக்க மலைக்குள்ளேயே என்றால் பெட்ரோல் வண்டிதான் என் பரிந்துரை. டீசலின் இழுவை எனக்கும் பிடிக்கும், ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, பழுது பார்ப்பது. ஒரு சக்கரத்தின் வேக சென்சார் வயரில் சேறு புகுந்து அறுந்தால் ஏ.பி.எஸ்., மேலே சொன்ன பிரேக் முறையான டிராக்ஷன் கண்ட்ரோல், இறக்கத்தில் வேகத்தைத் தானாகப் பிடிக்கும் ஹில் டிசென்ட் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். சென்சார் பெரிய விலை இல்லை; எது பழுது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. போனோடு இணைக்கும் சிறிய ஸ்கேனர் வைத்துப் பழுதின் குறியீட்டு எண்ணைப் படித்துவிடலாம், மலையில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புதிய கணினிப் பெட்டியை மாற்றி அந்த வண்டியோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டுமென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வழியில்லை. உள்ளூர் மெக்கானிக்குக் கையேடும் மென்பொருளும் கொடுக்காமல் பூட்டி வைத்திருப்பது நியாயமே இல்லை. ஒன்றிய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. மலையடிவாரத்துப் பட்டறை வரை அதன் பலன் வந்து சேரவில்லை.

மூன்றாவது, ஆஃப்-ரோடுக்கே எதிரான சாமான்கள். 19 அங்குல அலாய் வீலும் அதற்கான மெல்லிய டயர் ஓரமும் பாறைக்கு ஆகாது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டியில் கல் பட்டுக் கண்ணாடி உடைந்தால், கண்ணாடியை மாற்றியபின் கேமராவையும் மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும், செலவு கூடும். இவை உயர்ந்த ரகத்தில் வருகின்றன, ஃபோர் வீல் டிரைவும் பெரும்பாலும் உயர்ந்த ரகத்தில்தான் வருகிறது. மீண்டும் அதே சிக்கல்.

எலக்ட்ரானிக்ஸை எடுத்துவிட்டால் விலை இறங்கும் என்று நம்புகிறவர்கள் டொயோட்டா லேண்ட் குரூசர் 70-ஐப் பார்க்க வேண்டும். 1984-இல் வந்த வடிவம், பின்னால் இன்றும் லீஃப் ஸ்பிரிங். ஆஸ்திரேலியாவின் சுரங்கங்களும் கால்நடைப் பண்ணைகளும் அதை நம்பி இருக்கின்றன, ஐ.நா. நிவாரணப் பணிகளில் அதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் அதன் விலை 70,000 டாலருக்கு மேல், நம் பணத்தில் ஏறத்தாழ 40 லட்சம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2016 ஜனவரியில் உற்பத்தி நின்றபின், அதே எளிமையைத் தருகிறோம் என்று இனியோஸ் கம்பெனி கிரெனடியரைக் கொண்டுவந்தது. பி.எம்.டபிள்யூ. இன்ஜின், கெட்டியான சேசிஸ், கையுறையோடு அழுத்தக்கூடிய பெரிய சுவிட்சுகள். அதுவும் ஐரோப்பாவில் சொகுசுக் கார் விலைதான். கனமான இரும்பு, உறுதியான ஆக்சில், குறைந்த எண்ணிக்கையில் உற்பத்தி ஆகியவை எப்போதும் செலவு பிடிப்பவை. நம் நாட்டில் தார் ஓரளவு கட்டுப்படியாகிறது என்றால், பின்சக்கர இயக்கத் தாரை வாங்கி நகரத்துக்குள் ஓட்டும் ஆயிரக்கணக்கானோர் தொழிற்சாலைச் செலவைப் பகிர்ந்துகொள்வதால்தான். ஆஃப்-ரோடு பிரியர்கள் அவர்களைக் கிண்டல் செய்வதை நான் ரசிப்பதில்லை.

பழைய ஜீப் வாங்கும் யோசனை பற்றி. மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதையில் பழைய மஹிந்திரா ஜீப்புகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இன்றும் ஏறுகின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. அந்த வண்டிகளை ஓடவைப்பது எளிய இயந்திரம் மட்டுமில்லை. ஓட்டுநரே பாதி மெக்கானிக், பட்டறை பக்கத்திலேயே, கழற்றிப் போட உதிரிப்பாகம் கையிருப்பில். மஹிந்திராவின் பழைய ஜீப்பான எம்.எம். 540-இன் பியூஜோ வழிவந்த டீசல் இன்ஜினுக்குக் கணினியே கிடையாது, ஒருமுறை ஓடத் தொடங்கினால் எளிதில் நிற்காது. அதை நானும் மதிக்கிறேன். மாதம் ஒருமுறை கிரீஸ் அடிப்பதும், ஒழுகும் ஆயில் சீலை மாற்றுவதும், பிரேக்கைச் சரிசெய்வதும் உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் வாங்குங்கள். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகவும் அதே வண்டிதான் என்றால் வேண்டவே வேண்டாம். மோதினாலோ கவிழ்ந்தாலோ காப்பாற்ற அதில் எதுவும் இல்லை.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் புத்தம்புதிது போல் கட்டி விற்கும் ஜீப்புகளில் சேசிஸ் ஒரு வண்டியுடையது, இன்ஜின் வேறொன்றுடையது, பாடி புதிது என்று இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், சீட் எண்ணிக்கை நான்கில் ஏதாவது ஒன்று வண்டியோடு பொருந்தவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் 15 லட்சத்துக்கு நான் சொல்வது ஜிம்னியின் கீழ் ரகம். எல்லா ரகத்திலும் ஃபோர் வீல் டிரைவ், கையால் போடும் லோ ரேஞ்ச் லீவர், ஏணி போன்ற கெட்டியான லேடர் சேசிஸ், முன்னும் பின்னும் உறுதியான ஆக்சில், ஆறு ஏர்பேக், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 1200 கிலோ ஒட்டிய எடை. பெட்ரோல், ஆகவே டி.பி.எஃப். தொல்லையும் இல்லை. 134 நியூட்டன் மீட்டர் இழுவை என்பது குறைவுதான். செங்குத்து ஏற்றத்தில் ஆள் நிறைந்து போனால் வெட்கப்படாமல் லோ ரேஞ்சுக்கு மாறிவிட வேண்டும். மூட்டை ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் மஹிந்திரா போலேரோ கேம்பரின் ஃபோர் வீல் டிரைவ் ரகத்தை விசாரியுங்கள். சரக்கு வண்டிப் பதிவு, அதற்கான எஃப்.சி. வேலைகள் உண்டு, வசதி குறைவு. எஸ்டேட் வேலைக்கென்றே செய்த வண்டி அது.

எதை வாங்கினாலும் மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் மண்ணுக்கும் ரோட்டுக்கும் ஏற்ற ஆல்-டெரைன் டயர் போடுங்கள். கம்பெனி கொடுக்கும் டயர் ரோட்டுக்கானது. சின்னக் காற்றடிக்கும் மெஷின் ஒன்றும் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். மண் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் நீளமாகத் தரையைப் பிடிக்கும், குலுக்கலும் குறையும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். முன்னும் பின்னும் கயிறு கட்டும் கொக்கி சேசிஸோடு இணைந்திருக்கிறதா, பம்பரோடு மட்டுமா என்பதையும் வண்டியை எடுக்கும் அன்றே குனிந்து பார்த்துவிடுங்கள்.